கொரோலா 110 டீசல்: டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியவில்லை, பேராதனை வரை போகலாமா?

கல்லடியான்:
அண்ணன்மார், காக்காமார், ஒரு உதவி வேண்டும். அண்மையில் ஒரு டொயோட்டா கொரோலா 110 வாங்கினோம், 1997 மாடல், 2சி டீசல் எஞ்சின். மீற்றர் 148,000 கிலோமீற்றர் காட்டுகிறது. டைமிங் பெல்ட் 2014இல் மாற்றியது என்று விற்றவர் சொன்னார். பில் இல்லை, ஆனால் பொனெட்டைத் திறந்து ஒரு ஸ்டிக்கரைக் காட்டினார்: முழுக்க ஜப்பான் எழுத்து, கீழே பேனையால் 14.6 என்றும் 98,000 என்றும் எழுதியிருக்கிறது. அதனால் 198,000 வரைக்கும் பயமில்லை என்பது அவருடைய கணக்கு. காலையில் ஸ்டார்ட் செய்தால் பெல்ட் பக்கம் கொஞ்ச நேரம் கீச்சென்று சத்தம் வருகிறது, கவரின் ஓரத்தில் ஒயில் கசிந்த ஈரமும் இருக்கிறது. அம்மாவைப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், மகியங்கனைப் பக்கத்தால் பதினெட்டு வளைவு ஏறித்தான் போவோம். கராஜில் கேட்டால் பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் பெயாரிங், ஒயில் சீல் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். அவ்வளவும் தேவைதானா? போய் வந்து மறுகா செய்தால் என்ன? அக்காவின் வேகன் ஆருக்கும் இந்தப் பெல்ட் இருக்கிறதா?

ஓட்டமாவடி டீசல்:
தம்பி, வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைப்பது இந்த ரப்பர் பெல்ட்தான், அதை மாற்றாமல் அம்மாவை ஏற்றிக்கொண்டு அந்த வளைவு ஏற வேண்டாம். முதலில் அந்த ஸ்டிக்கரைச் சொல்கிறேன். 14 என்பது 2014 இல்லை. ஜப்பானில் மன்னர் ஆண்டுக் கணக்கில் எழுதும் வழக்கம் உண்டு, ஹெய்செய் என்ற அந்தக் கணக்கில் 1989தான் முதலாம் ஆண்டு, ஆகவே 14 என்றால் 2002, பக்கத்தில் உள்ள 6 ஜூன் மாதம். வண்டி அங்கே ஓடிய காலத்தில் மாற்றிய பெல்ட் அது. விற்றவரும் தெரியாமல்தான் சொல்லியிருப்பார். அப்புறம், இத்தனை வருடத்தில் 50,000தான் ஓடியது என்றால் அந்த மீற்றரையும் நான் நம்ப மாட்டேன். இடையில் யாராவது பெல்ட்டை மாற்றியிருக்கலாம், ஆனால் ஆதாரம் இல்லாத பெல்ட்டை மாற்றாத பெல்ட் என்றே எடுக்க வேண்டும். 100,000 கிலோமீற்றர் என்பது பாதிக் கணக்குத்தான். ரப்பர் ஓடாமல் நின்றாலும் காயும், ஆறு ஏழு வருடம் தாண்டினால் தூரத்தைப் பார்க்காமல் மாற்றிவிடுவதே முறை.

களுவாஞ்சிக்குடி:
எங்களிடமும் 110தான். கிரான் தாண்டும்போது பெல்ட் அறுந்தது, வண்டி அப்படியே ஓஃப் ஆகி நின்றது, இழுத்து வந்து புதுப் பெல்ட் போட்டதும் ஓடியது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவு பயப்படத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஓட்டமாவடி டீசல்:
அண்ணன், உங்களுடையது பெட்ரோல் 5ஏ எஞ்சினாக இருக்கும். அதில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் முட்டாத அளவுக்கு இடைவெளி இருக்கிறது. தம்பியுடையது டீசல். பிஸ்டன் மேலே வரும்போது எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அதற்கும் இடையில் இடமே கிடையாது, பெல்ட் அறுந்த அந்தக் கணமே திறந்து நிற்கும் வால்வில் பிஸ்டன் மோதும், வால்வு வளையும், சில நேரம் ஹெட்டும் போய்விடும். 110 என்ற பெயர் ஒன்றுதான், எஞ்சின் வேறு.

தம்பி, கராஜ்காரர் சொன்னது சரி. கவர் ஓரத்தில் ஈரம் என்றால் வால்வைத் திறக்கும் கேம் தண்டின் சீலோ பிஸ்டன் சுற்றும் கிராங்க் தண்டின் சீலோ கசிகிறது. ஒயில் பட்ட ரப்பர் ஊறி மெலியும், சீலை விட்டுவிட்டுப் புதுப் பெல்ட் போட்டால் அதுவும் சீக்கிரம் கெட்டுப்போகும். டென்ஷன் பெயாரிங் இறுகினாலும் பெல்ட்டைத்தான் தின்னும். இவற்றை மாற்ற மறுபடியும் இதே அளவு கழற்ற வேண்டும், கூலிதான் இரட்டிப்பாகும். கழற்றிய நேரம் வோட்டர் பம்பையும் கையால் சுற்றி, ஆட்டம் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். இந்த எஞ்சினில் டீசல் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது, ஒரு பல் தவறினாலும் ஸ்டார்ட் கஷ்டம், புகை, இழுவைக் குறைவு எல்லாம் வரும். புதுப் பெல்ட்டைப் போட்டு இறுக்கியதும் கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டு, கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். கிராங்க் இரண்டு சுற்றினால் கேம் ஒரு சுற்று, அப்போது சக்கரங்களில் உள்ள எல்லாக் குறியும் பழைய இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். கையால் சுற்றும்போது எங்காவது முட்டினால் பலம் கொடுக்கக் கூடாது. இதைப் பார்க்காமல் சாவியைத் திருப்ப விடாதீர்கள்.

நிந்தவூர்:
வேகன் ஆருக்குச் செயின், பெல்ட் இல்லை. அதற்கு எஞ்சின் ஒயில் நேரத்துக்கு மாற்றினால் போதும். ஒயில் அழுக்கானால் செயின் தேய்ந்து சத்தம் போடும்.

தம்பியின் காருக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும், ரேடியேட்டரில் என்ன ஊற்றுகிறீர்கள்? நம் கரையோரக் கிணற்றுத் தண்ணீர் உவர், உள்ளே துரு பிடித்து உப்புப் படியும். 2சி எஞ்சின் சூடேறினால் ஹெட் வெடிப்பது எல்லா மெக்கானிக்கும் அறிந்த விஷயம், அந்த ஏற்றத்தில் அதுதான் எனக்குப் பெரிய பயம். பழையதை வடித்துக் கழுவி, கூலன்ட் ஊற்றுங்கள். பிரேக் ஒயிலையும் பாருங்கள், இறக்கத்துக்கு அது முக்கியம்.

கல்லடியான்:
காக்கா, அண்ணன், எல்லாருக்கும் நன்றி. பெல்ட், பெயாரிங், இரண்டு சீல், கூலன்ட் எல்லாம் மாற்றியாயிற்று. பழைய பெல்ட்டை மடித்துப் பார்த்தோம், பல்லின் அடியில் வரிவரியாக வெடிப்பு, ஒரு ஓரம் ஒயிலில் ஊறி வழவழவென்று இருந்தது. குறி சரியாக வந்து நின்றதை நானே பார்த்தேன். ஆனால் காலைக் கீச்சுச் சத்தம் இன்னும் இருக்கிறது.

ஓட்டமாவடி டீசல்:
அப்படியென்றால் அது பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஒல்டனேட்டரைச் சுற்றும் வெளிப் பெல்ட். எஞ்சின் ஓடும்போது அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், சத்தம் சட்டென்று மாறினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது காய்ந்திருக்கிறது. சாரனோடு குனிய வேண்டாம், காற்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். மாறாவிட்டால் அந்தப் பெல்ட்டைக் கழற்றி, அரை நிமிடம் மட்டும் ஸ்டார்ட் செய்து பாருங்கள், சத்தம் போனால் ஒல்டனேட்டர் பெயாரிங்கைப் பார்க்க வேண்டும். பெல்ட் இல்லாமல் வண்டியை ஓர் அடிகூட நகர்த்தாதீர்கள். இந்த டீசலில் பிரேக்கை இலேசாக மிதிக்க உதவும் பூஸ்டருக்கான வெக்குவம் பம்ப் ஒல்டனேட்டரின் பின்பக்கம்தான் இருக்கிறது, அது சுற்றாவிட்டால் பிரேக் கல்லாக இறுகும்.