ரெட்ரோ மீட்டிங்ல யாருமே வாயத் திறக்க மாட்டேங்கறாங்க

அஞ்சுரோட்டுக்காரன்:
சேலத்துல சின்ன சாஃப்ட்வேர் டீம்ங்க, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ரெட்ரோ (முடிஞ்ச வேலையில எது நல்லா போச்சு, எது சொதப்புச்சுனு பேசற மீட்டிங்) வைக்கறோம், ஆனா மேனேஜர் உக்காந்திருக்கறதால எல்லாரும் "நல்லா போச்சு சார்"னு முடிச்சுடறாங்க, அப்புறம் தட்டுவடை செட் கடையில நின்னு தான் டெஸ்டிங் லேட்டு, ரிக்வயர்மென்ட் நடுவுல மாறுதுனு உண்மையெல்லாம் வருது. என்னங்க பண்றது?

கோடு_குமாரு:
மொதல்ல மேனேஜர வெளிய அனுப்புங்க. பேசச் சொல்லாதீங்க, அஞ்சு நிமிஷம் அமைதியா ஸ்டிக்கி நோட்டுல எழுதட்டும், பேரு வேணாம். ஒரே மாதிரி இருக்கறத சேத்து ஒட்டிட்டு ஆளுக்கு மூணு ஓட்டு, அதிகம் வாங்குனத மட்டும் பேசுங்க. "யாரு லேட் பண்ணா"னு ஆரம்பிச்சா அன்னிக்கே சோலி முடிஞ்சுது.

மலைக்காத்து:
மேனேஜர அனுப்பறதெல்லாம் நடக்கற கதையா? கடைசியா பேசச் சொல்லுங்க, போதும். போன தடவ எடுத்த முடிவு என்னாச்சுன்னு கேட்டு ஆரம்பிங்க, அத யாரும் கேக்காததால தான் ஜனங்க வாய மூடிக்கறாங்க. முடிவு ஒண்ணோ ரெண்டோ, ஆள் பேரு போட்டு அடுத்த ஸ்ப்ரின்ட் (அதாவது அடுத்த ரெண்டு வார வேலைச் சுத்து) போர்டுலயே ஏத்திடுங்க.

டீ_பிரேக்:
ஸ்க்ரம்ங்கற இந்த ஸ்ப்ரின்ட் வேலைமுறையோட கைடுல, ஒரு மாச ஸ்ப்ரின்ட்டுக்கே ரெட்ரோ அதிகபட்சம் 3 மணி நேரம் தான், உங்களுக்கு ஒரு மணி நேரமே தாராளம். ஏற்காடு போய் ரெட்ரோ வைக்கலாம்னு எச்ஆர் சொன்னா மட்டும் கேக்காதீங்க, 20 கொண்டை ஊசி வளைவு ஏறறதுக்குள்ள பாதி பேரு வாந்தி 😂