கேபிள் இல்லாமல் கல்லூரி ஃபுட்பால் பார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் இருக்கும் ஃபுட்பால் பைத்தியங்களே, ஒரு உதவி வேணும். (சாக்கர் இல்லீங்க, தலைக்கவசம் போட்டு மோதிக்கிற ஆட்டம்.)

ஆரிகன் பல்கலைக்கழக அணியின் ஆட்டங்களை ஒன்று விடாமல் பார்க்கணும், கேபிள் போட மனசில்லை. 2024-ல் அவர்கள் பிக் டென் என்ற பல்கலைக்கழக லீக்குக்கு மாறியதிலிருந்து ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி, பிக் டென் நெட்வொர்க், பீகாக் ஸ்ட்ரீமிங் என்று சேனல் தேடியே பொழுது போகுது. முதல் மூன்றையும் ஆன்டெனாவில் இலவசமாகப் பிடிச்சுடலாம். மீதிக்கு என்ன செய்றீங்க? சீசன் முடிந்ததும் நிறுத்திக்கொள்ளக்கூடிய, ரெக்கார்டிங் வசதியுள்ள ஸ்ட்ரீமிங் எது?

1984-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை ஒரு அணி டிவியில் எத்தனை முறை வரலாம் என்பதையே கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்புதான் முடிவு செய்தது. அதைப் பார்த்தால் இப்போது கொண்டாட்டம்தான். ஆனால் டிவி பணத்துக்காக பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டை அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற லீக்கில் சேர்த்ததை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியலை. 2023-ல் கடிகார விதியை மாற்றி ஆட்ட நேரத்தைச் சுருக்கினாங்க. டச்டவுனுக்குப் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் புள்ளி எடுப்பது) பின் விளம்பரம், கிக்ஆஃப், மறுபடி விளம்பரம், அது மட்டும் அப்படியே இருக்கு!

இன்னொன்று: டிவி வர்ணனையை மியூட் செய்துவிட்டு ரேடியோ வர்ணனை கேட்பவர்கள் இருந்தால் சொல்லுங்க. ஸ்ட்ரீமிங் பின்தங்குவதால் டச்டவுன் எனக்கு முன்கூட்டியே காதில் விழுந்துடுது. ரேடியோவைத் தாமதப்படுத்த நல்ல ஆப் இருக்கா?