7 அடி லைட் தூண்டில் தடிக்கு எந்த றீல்? குளத்துக்கும் களப்புக்கும் ஒண்டே போதுமா?

புதுத்தடி:

வணக்கம். கையில இருக்கிறது 7 அடி ஸ்பின்னிங் தடி, ரெண்டு துண்டாக் கழரும். அடியில 'லைட்', நூல் 4-10 இறாத்தல், இரை 3-12 கிராம் எண்டு அடிச்சிருக்கு. தடி மட்டும் 115 கிராம். றீலுக்குக் கிட்ட இருக்கிற முதல் வளையம் 20 மில்லிமீற்றர்.

கடையில 4000 அளவு றீல் ஒண்டைக் காட்டி, "ட்றாக் (மீன் இழுக்கேக்க நூலை இறுக்கத்தோட விடுற தடை) 10 கிலோ, பெயரிங் 13, எவ்வளவு பெரிய மீனையும் தாங்கும்" எண்டினம். பக்கத்தில 2000, 2500 அளவுகளும் இருந்தது.

பாவனை இதுதான்: இரணைமடுக் குளத்தின்ர அலைகரையில (தண்ணி ஓரத்தில) திலாப்பியா, துருசுக்கு (மதகுக்கு) கீழ வாய்க்காலில சின்ன விரால், இடைக்கிட நந்திக்கடல் களப்பில கொடுவா, செப்பலி. எந்த அளவு எடுக்கலாம்? நூல் எது, எவ்வளவு சுத்தோணும்?

அலைகரை:

4000 வேண்டாம் தம்பி. அது உங்கட தடிக்குப் பாரம்.

கடையிலயே பாக்கலாம். றீலைத் தடியில கொழுவி, நூலை வளையங்களுக்குள்ளால விட்டு, நுனியில 7 கிராம் இரை ஒண்டைத் தொங்கவிடுங்கோ. பிறகு றீல் காலுக்குச் சற்று முன்னால ஆள்காட்டி விரலை வைச்சுத் தடியைக் கிடையாத் தூக்குங்கோ. விரலில நிண்டால் பொருத்தம். ஒரு விரல் அகலம் முன்பின் இருந்தாலும் குறையில்லை. 4000 அளவு அநேகமா 300 கிராமுக்குக் கிட்ட வரும். அடி கீழ இழுக்கும், நுனி வானத்தைப் பாக்கும். 220-260 கிராமுக்குள்ள ஒண்டெண்டால் 115 கிராம் தடியோட ஒத்துப்போகும்.

மற்றது வளையம். நூல் ஸ்பூலை (றீலில நூல் சுத்தியிருக்கிற பகுதியை) விட்டுப் பெரிய சுருளாத்தான் கழண்டு வரும். 4000 ஸ்பூலின்ர அகலச் சுருள் 20 மில்லிமீற்றர் வளையத்துக்குள்ள ஒடுங்கேக்க தடியில 'பட பட' எண்டு அடிக்கும். 4 கிராம் இரைக்கு அந்த உரசலே காணும், எறி தூரம் போகாது.

பெயரிங் எண்ணிக்கையைப் பாத்து மயங்க வேண்டாம். கைபிடிக்குள்ள ரெண்டு சின்னப் பெயரிங்கைக் கூடப் போட்டாலும் கணக்கில ஏறும். எடுக்க முதல் இதுகளைப் பாருங்கோ: கைபிடியை மிக மெதுவாச் சுத்தினால் பல் தட்டுற மாதிரி ஒரு கரகரப்பும் இருக்கக்கூடாது. பின்பக்கமாச் சுத்தப் பாத்தால் உடன நிக்கோணும். பெயில் கம்பியின்ர (நூலை ஸ்பூலில சுத்திவிடுற வளைஞ்ச கம்பி) உருளை நூலோட சேந்து உருளோணும். உருளாட்டில் அந்த இடத்தில நூல் அறுபடும். ஸ்பூல் விளிம்பைச் சுத்திப் பஞ்சால தடவுங்கோ, ஒரு இழை சிக்கினாலும் அந்த ஸ்பூலை எடுக்காதேங்கோ.

குளத்துக்கு மட்டுமெண்டால் 2000 எடுத்தாலும் போதும்.

வட்டுவாகல்_கரை:

அலைகரை அண்ணை சொன்னதில கடைசி வரிக்கு மட்டும் மாறுபாடு. நந்திக்கடலும் கணக்கில இருக்கிறபடியா 2500 தான். கொடுவா முதல் ஓட்டத்திலயே கன தூரம் நூலை இழுத்துக்கொண்டு போகும், 2000 இன்ர ஆழம் குறைஞ்ச ஸ்பூலில அடி தெரிஞ்சிடும்.

அந்த 10 கிலோ ட்றாக் கதையை விடுங்கோ. 8 இறாத்தல் நூல் எண்டால் ஏறக்குறைய 3.6 கிலோவில அறும். ட்றாக்கை அதின்ர கால் பங்குக்கும் மூண்டில் ஒரு பங்குக்கும் இடையில வைக்கிறது வழமை, அதாவது 0.9 இலிருந்து 1.2 கிலோ. 4 கிலோ ட்றாக் உள்ள றீல் இந்தத் தடிக்குத் தாராளம். எவ்வளவு இறுகும் எண்டதை விட எவ்வளவு சீரா வழுக்கும் எண்டதுதான் முக்கியம். நூலை வளையங்களுக்குள்ளால விட்டுக் கொழுவுத் தராசில கட்டி, தடியை மீன் பிடிச்ச மாதிரி வளைச்சு, மெதுவா இழுங்கோ. ஸ்பூல் அசையாமல் நிண்டு திடீரெண்டு துள்ளினால் அந்தத் துள்ளலிலதான் நூல் அறும். முள்ளு 1 கிலோவில ஆடாமல் நிக்க ஸ்பூல் ஓடினால் அது நல்ல ட்றாக்.

கொடுவாவுக்கு நுனியில லீடர் எண்ட தடிச்ச முன்நூல் கட்டாயம்: 20 இறாத்தல் தங்கூசி (ஒற்றை நைலோன் இழை), முக்கால் மீற்றர். செவிள் மூடி கத்தி மாதிரி, வாயும் அரம் மாதிரி. மெல்லிய நூலை நேர கட்டினால் ரெண்டு தலையாட்டில போயிடும்.

களப்பால வந்தால் ட்றாக்கை நல்லா இறுக்கி, குழாய்த் தண்ணியை மெல்லிசா மேலால விட்டுக் கழுவுங்கோ. வாளிக்குள்ள அமிழ்த்தினால் உப்பு உள்ள போய்ப் பெயரிங்கில குந்தும். எங்கட பக்கக் கிணத்துத் தண்ணி சுண்ணாம்பு, காஞ்சால் வெள்ளை படியும். அதால ஈரத்தைத் துணியால ஒத்தி எடுங்கோ. பிறகு ட்றாக்கைத் தளர்த்திக் காயவிடுங்கோ. இறுக்கினபடி கிடந்தால் உள் வட்டுகள் ஒட்டிப் பிடிச்சுத் துள்ளல் வரும். உருளைக்கு ஒரு சொட்டு ஒயில், ட்றாக் வட்டில மட்டும் ஒயில் படக்கூடாது.

துருசடி:

அளவு எண்கள் பற்றி ஒரு விளக்கம். 2500 என்பது எல்லாக் கம்பனிக்கும் ஒரே அளவு அல்ல. ஷிமானோவில் 2500 உம் சி3000 உம் ஒரே உடல், ஸ்பூலில்தான் வித்தியாசம். எண்ணுக்குப் பின்னால் எஸ் இருந்தால் ஆழம் குறைந்த ஸ்பூல், எச்.ஜி. என்றால் வேகப் பல். டைவா 2018 இல் எல்.டி. வரிசையைக் கொண்டுவந்து எண்களை மாற்றியது. அதற்கு முந்தைய டைவா 2500 பழைய இருப்பில் கிடைத்தால் உடல் பெரிதாக இருக்கும், எண்ணை நம்பாமல் நிறுத்துப் பாருங்கள்.

பல் விகிதம் (கைபிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூலில் நூல் எத்தனை சுற்று ஏறும் என்பது) 5.2 போதும். நூல் நிறைந்த ஸ்பூலின் விட்டம் 46 மில்லிமீற்றர் என்றால் சுற்றளவு 14.4 சென்ரிமீற்றர், ஒரு சுற்றுக்கு 75 சென்ரிமீற்றர் வரும். 6.2 இல் அது 89. சின்ன ஸ்பின்னரை மெதுவாக இழுக்க 5.2 தான் சுகம்.

நூலுக்கு வருவோம். குளத்துக்கு மட்டுமென்றால் 0.22-0.25 மில்லிமீற்றர் தங்கூசியே மலிவும் வசதியும். இரண்டுக்கும் ஒன்றே வேண்டுமென்றால் பி.ஈ. 1 (பி.ஈ. என்பது தடிப்பு எண்) பின்னல் நூல், 150 மீற்றர். பின்னல் நூலை வெறும் ஸ்பூலில் சுற்றக்கூடாது. முழு நூலும் ஒன்றாக ஸ்பூலில் வழுக்கும், ட்றாக் பழுது என்று நினைப்பீர்கள். அடியில் தங்கூசி போட வேண்டும். எவ்வளவு? ஸ்பூலில் 0.25 மில்லிமீற்றர், 160 மீற்றர் என்று அடித்திருந்தால், பி.ஈ. 1 இன் விட்டம் 0.165. விட்டங்களின் விகிதத்தை வர்க்கப்படுத்தி 150 ஆல் பெருக்கினால் 65. பின்னல் நூல் அவ்வளவு இடத்தைப் பிடிக்கும். மிச்சம் 95 மீற்றருக்குத் தங்கூசி. 90 உடன் நிறுத்துங்கள். விளிம்புக்கு 1.5-2 மில்லிமீற்றர் கீழே நூல் நிற்க வேண்டும். விளிம்பு வரை நிரப்பினால் எறியும்போது சுருள் சுருளாகக் கொட்டும்.

விரால் பற்றி: வாய்க்காலின் வெளித் தண்ணீரில் சின்னன் சரி. தாமரைக்குள்ளும் மிதக்கும் சல்வீனியாச் செடிக்குள்ளும் றப்பர் தவளை இரை எறிய இந்தத் தடி ஆகாது, எந்த றீல் போட்டாலும். அதற்கு 30 இறாத்தலுக்கு மேல் பின்னல் நூலும் விறைத்த தடியும் வேண்டும். பாசியோடு சேர்த்து இழுக்கும்போது முறிவது நுனிதான்.

புதுத்தடி:

எல்லாருக்கும் நன்றி. 2500 எடுத்து, சொன்ன கணக்கில நூல் சுத்தியாச்சு, விரலில சரியா நிக்குது. ஒரு பிரச்சினை: நூல் ஸ்பூலின்ர முன்பக்கம் தடிச்சு, பின்பக்கம் ஒடுங்கிப் படியுது. எறியேக்க ரெண்டு மூண்டு சுருள் ஒண்டா வந்து முதல் வளையத்தில முடிச்சு விழுது. றீல் பழுதோ?

அலைகரை:

பழுதில்லை. ட்றாக் குமிழைக் கழட்டி ஸ்பூலைத் தூக்கினால் தண்டில மெல்லிய வாஷர் இருக்கும். பெட்டிக்குள்ளயும் ஒண்டு ரெண்டு மேலதிகமா வந்திருக்கும், குப்பையில போட்டிருந்தால் தேடுங்கோ. முன்னால தடிச்சால் ஒரு வாஷர் கூடப் போடோணும்: ஸ்பூல் கொஞ்சம் மேல வர நூல் பின்னுக்குப் படியும். பின்னால தடிச்சால் ஒண்டைக் கழட்டோணும். ஒரு தரத்தில ஒண்டு மட்டும் மாத்தி, முழு நூலையும் திரும்பச் சுத்திப் பாருங்கோ. சுத்தேக்க ஈரத்துணியால நூலைப் பிடிச்சு இறுக்கமாச் சுத்துங்கோ.

வட்டுவாகல்_கரை:

அதோட, எறிஞ்சாப் பிறகு பெயிலைக் கையால மடக்கி, நூலை ஒருக்கா இழுத்து இறுக்கிப்போட்டுச் சுத்துங்கோ. கைபிடியைச் சுத்தி மடக்கினால் தளர்ந்த சுருள் ஒண்டு உள்ள போய்க் குந்தும், அடுத்த எறிக்கு அதுதான் முடிச்சு. மீன் நூலை இழுத்து ட்றாக் ஓடேக்கயும் சுத்தக்கூடாது: 5.2 விகிதத்தில ஒவ்வொரு சுத்துக்கும் நூலில அஞ்சு முறுக்கு ஏறும்.

துருசடி:

இரணைமடுவில் முறுக்கு எடுக்க நூலைத் தண்ணீருக்குள் நீளமாக விட்டு இழுப்பதென்றால் கட்டுக்கு மேலே நின்று செய்யுங்கள். அலைகரையில் இறங்கி நிற்க வேண்டாம், முதலை இருக்கிற குளம்.