புதுப்பிப்பு: திவாலான கடையின் பரிசு அட்டை, படிவம் 410-ல் எங்கே டிக் அடிப்பது?

அமெரிக்காவில் ஒரு கடை திவால் மனு போட்டால், பரிசு அட்டை வைத்திருப்பவர்கள் தங்களுக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்டு, திவால் நீதிமன்றத்தின் படிவம் 410-ல் உரிமைகோரல் போட வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தோம். பிறகு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, உங்கள் தொகைக்கு மற்றவர்களைவிட முன்னுரிமை உண்டா என்று கேட்கும் 12-ஆம் கட்டத்தைப் பற்றித்தான்.

அங்கே 'ஆம்' போட்டு, சொந்த, குடும்பப் பயன்பாட்டுக்கான முன்பணம் என்ற வரியில் டிக் அடித்துத் தொகையை எழுதுங்கள். விட்டுவிட்டால் கடைக்குச் சாதாரணமாகக் கடன் கொடுத்தவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். முன்னுரிமை கேட்கக்கூடிய தொகையின் உச்சவரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் 3,800 டாலர். கடை அதற்கு முந்தைய 3 ஆண்டுகளில் மனு போட்டிருந்தால் 3,350 தான்.

டிக் அடித்ததாலேயே முன்னுரிமை கிடைத்துவிடாது. டெலவேர் திவால் நீதிமன்றம் 2004-ல் டபிள்யூ டபிள்யூ வேர்ஹவுஸ் வழக்கில் பரிசுச் சான்றிதழும் முன்பணம்தான் என்றது. அதே நீதிமன்றம் 2016-ல் சிட்டி ஸ்போர்ட்ஸ் வழக்கில் இல்லை என்றது. இருந்தாலும் கேட்டு வைப்பதில் நஷ்டமில்லை, கட்டணமும் கிடையாது.

அட்டையின் அசலை அனுப்பாதீர்கள், நகல் போதும். ரகசிய எண்ணை மறைத்துவிடுங்கள். உரிமைகோரல்கள் சேரும் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். கையெழுத்தையும் கடைசித் தேதியையும் கோட்டை விடாதீர்கள்.

கடை மேல் தனி வழக்கு வேண்டாம், கடை திவால் மனு போட்டதுமே அத்தகைய வழக்குகளுக்குத் தடை வந்துவிடும். கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் பில் வந்த 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்துப் பாருங்கள். கடை இன்னும் திறந்திருக்கிறதா? முதலில் அட்டையைச் செலவழியுங்கள். பெட் பாத் அண்ட் பியாண்ட் 2023 ஏப்ரல் 23-ல் மனு போட்டது. மே 8 வரைதான் அட்டை செல்லுபடியானது.