150 மிமீ இல்லாதவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டுமாம்!

கேத்திக்காரன்:
மலை சைக்கிளில் ஆயில் சீல் மாற்றுவது எப்படி என்று ஒருவர் பக்கத்து இழையில் பாவமாகக் கேட்டிருந்தார். அதற்கு இரும்புத்தொடை அருளிய பதில் இது: "டிரெயில் ஓட்ட ஆல்-மவுண்டன் சைக்கிள்தான். 150 மிமீ டிராவல் இல்லாதவர்கள் வீட்டிலேயே இருக்கலாம்." புதியவர்களுக்காக: டிராவல் என்றால் மேடுபள்ளத்தில் சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம். ஆல்-மவுண்டன் என்றால் கரடுமுரடான இறக்கத்துக்கான கனமான மலை சைக்கிள்.

நான் நீலகிரியில் பிறந்து வளர்ந்தவன். ஒன்பது வருடமாகத் தேயிலைத் தோட்டத்து மண்பாதைகளில் எக்ஸ்சி, அதாவது இலகுவான கிராஸ்-கன்ட்ரி சைக்கிள்தான் ஓட்டுகிறேன். எடை 11 கிலோ, டிராவல் 120. ஏறுவதும் அதில்தான், இறங்குவதும் அதில்தான். வீட்டில் இருக்க வேண்டியது நானா?

இரும்புத்தொடை:
அண்ணே, உங்களைச் சொல்லவில்லை. ஆனால் தொப்பி பொருந்தினால் போட்டுக்கொள்ளுங்கள். 120 என்பது வேகத்தடைக்குப் போதும். முழங்கால் உயரப் பாறையிலிருந்து இறங்கும்போது உங்கள் 120 எங்கே போகும் என்று பார்த்திருக்கிறேன். நீங்கள் சைக்கிளை விட்டு இறங்கி நடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

கேத்திக்காரன்:
இறங்கி நடந்தது ஒரு முறை, எதிரே காட்டுமாடு நின்றதால். அதற்கு 120, 150 எல்லாம் தெரியாது. நீங்கள் அன்று எங்கே இருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்களேன். மேலே போக பிக்கப் வண்டி பிடித்து, 15 கிலோ சைக்கிளைப் பின்னால் படுக்க வைத்துக்கொண்டு வந்தவர் யார்? ஏற்றத்தில் மிதிக்காதவருக்குத் தொடை எதற்கு, இரும்பு எதற்கு?

ஸ்போக் மாமா:
முதலில் "டிரெயில்" என்று எதைச் சொல்கிறீர்கள்? ஜீப் போகிற தோட்டத்துப் பாதையா, வேரும் கல்லுமாக உள்ள ஒற்றையடியா? எக்ஸ்சி என்றால் பொதுவாக 100 முதல் 120, ஆல்-மவுண்டன் என்றால் 140 முதல் 160. இரண்டுக்கும் நடுவே டிரெயில் சைக்கிள் என்றே ஒரு வகை விற்கிறார்கள். எந்தப் பாதை என்று சொல்லாமல் எந்தச் சைக்கிள் என்று சண்டை போட்டால் எப்படி?

இரும்புத்தொடை:
மாமா, பாதை எதுவானாலும் 120 பத்தாது. அவ்வளவுதான் விஷயம்.

கேத்திக்காரன்:
பத்தாதா? எக்ஸ்சி-யில் உலகப் பட்டத்தை 10 முறை வென்றவர் நினோ ஷுர்ட்டர். அவருடைய ஸ்காட் ஸ்பார்க் ஆர்சி எத்தனை மிமீ தெரியுமா? முன்னாலும் 120, பின்னாலும் 120. அவரையும் வீட்டில் இருக்கச் சொல்வோமா?

இரும்புத்தொடை:
அந்தச் சைக்கிள் 2021-இல்தான் 120-க்கு வந்தது. அதற்கு முன் 100. ஏன் ஏற்றினார்கள்? பந்தயப் பாதைகள் கரடுமுரடாகிக்கொண்டே போகின்றன, 100 பத்தவில்லை. அப்போதும் உங்களைப் போல ஒருவர் "100 போதும்" என்று எங்கோ எழுதிக்கொண்டிருந்திருப்பார்.

கேத்திக்காரன்:
ஆக, அவருடைய பெரும்பாலான பட்டங்கள் அதற்கு முன்பே வந்தவை. நன்றி தம்பி, என் வாதத்தை நீங்களே முடித்துவைத்தீர்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

புக்கிட்வாசி:
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். புக்கிட் தீமாவிலும் புலாவ் உபினில் உள்ள கெத்தாம் பூங்காவிலும் 160 மிமீ-யில்தான் ஓட்டுகிறேன். இறக்கத்தில் அது தரும் தைரியமே தனி. ஹெட் ஆங்கிள், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சாய்வு, 64 டிகிரி; முன்சக்கரம் தள்ளி இருப்பதால் கவிழ்ந்து விழுகிற பயம் இல்லை. எக்ஸ்சி-யில் 67, 68 வைத்திருப்பவர்களுக்கு இது புரியாது.

கேத்திக்காரன்:
புக்கிட் தீமாவின் உயரம் 163 மீட்டர். அதற்கு 160 மிமீ! மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கு போலிருக்கிறது. அப்படிப் பார்த்தால் தொட்டபெட்டாவுக்கு 2637 மிமீ ஃபோர்க் வேண்டும். அதே 64 டிகிரியில் செங்குத்தான ஏற்றத்தில் மிதித்துப் பாருங்கள், முன்சக்கரம் குடித்தவன் போல அலையும். ஓ, அங்கே ஏற்றம் எங்கே இருக்கிறது? மன்னிக்கவும்.

புக்கிட்வாசி:
உயரத்தைப் பற்றி யார் பேசினார்கள்? மழை பெய்ததும் இங்கே வேர்கள் எண்ணெய் தடவியது போல் இருக்கும். வந்து ஓட்டிவிட்டுப் பேசுங்கள். மலைக்காரர்கள் என்றாலே இந்த மிதப்பு.

புதுச்சங்கிலி:
வணக்கம். நான் கோயம்புத்தூர். முதல் மலை சைக்கிள் வாங்கப் போகிறேன். வார இறுதியில் மண்பாதையில் ஓட்ட வேண்டும், வாரநாளில் அலுவலகத்துக்கும் அதே சைக்கிள்தான். பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில் போதுமா?

இரும்புத்தொடை:
டோக்கியோ ஒலிம்பிக்கில் நட்சத்திர வீரர் வான் டெர் போயல் எக்ஸ்சி சைக்கிளில் தலைகுப்புற விழுந்ததை உலகமே பார்த்தது. அவருக்கே அந்த கதி.

கேத்திக்காரன்:
பயிற்சியில் அந்த இடத்தில் பலகைச் சரிவு இருந்தது. பந்தயத்தன்று எடுத்துவிட்டார்கள். இருக்கும் என்று நினைத்து வந்தார், விழுந்தார். உங்கள் 150-உம் இல்லாத பலகையில் உருளாது. அதே இடத்தைத் தாண்டி, எக்ஸ்சி சைக்கிளிலேயே டாம் பிட்காக் தங்கம் வாங்கினார். பாதிக் கதை சொல்கிற பழக்கம் உங்களுக்குப் புதிதல்ல. டிசம்பரில் என்னிடம் நீங்கள் இரவல் வாங்கிப் போன, சஸ்பென்ஷனுக்குக் காற்றடிக்கும் ஷாக் பம்ப் கதையும் அப்படித்தான்.

இரும்புத்தொடை:
பம்ப்பை அன்றே உங்கள் நண்பரிடம் கொடுத்துவிட்டேன்.

கேத்திக்காரன்:
எந்த நண்பர்? பெயர் இல்லாத நண்பரா? நான் இப்போது ஃபோர்க்கில் காற்று நிரப்ப ஊட்டி வரை போகிறேன். 150 மிமீ வாங்க வசதி இருக்கிறது, பம்ப் வாங்க இல்லை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்தை இரவல் கேட்கிற கதை.

ஸ்போக் மாமா:
பம்ப் என்றதும் ஞாபகம் வருகிறது. உங்களில் எத்தனை பேர் சேக் பார்த்து வைத்திருக்கிறீர்கள்? உட்கார்ந்ததும் டிராவலில் கால் பங்கு, கொஞ்சம் கூடுதலாகக்கூட, அமிழ வேண்டும்; அதுதான் சேக். காற்றை அடைத்து வைத்தால் 150-இல் நீங்கள் அனுபவிப்பது 100-தான். டயரும் அப்படியே. ட்யூப்லெஸ் போட்டு 25 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் ஓட்டிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை டயரில்தான்.

புக்கிட்வாசி:
25-ஆ? நான் 80 கிலோ. 25-இல் ரிம் நசுங்கிவிடும்.

ஸ்போக் மாமா:
பின்னால் இரண்டு மூன்று கூட்டிக்கொள்ளுங்கள். கல்லைப் பார்த்தும் ஓட்டலாம். நாற்பது வருடமாகச் சக்கரம் கோக்கிறேன், தம்பி.

புக்கிட்வாசி:
நாற்பது வருடம் முன்பு ட்யூப்லெஸ் மலை சைக்கிள் ஏது?

ஸ்போக் மாமா:
ட்யூப்லெஸ்ஸில் நாற்பது வருடம் என்று சொன்னேனா? படித்துவிட்டு எழுதுங்கள்.

கேத்திக்காரன்:
டயர், சேக் எல்லாம் இருக்கட்டும். 120-இல் போக முடியாத ஒரு பாதையை, ஒரே ஒரு பாதையை, இந்த மாவட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். காப்புக்காட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து "இதோ பாறை" என்று வீடியோ போடக்கூடாது. அனுமதி உள்ள பாதை. 120. காத்திருக்கிறேன்.

இரும்புத்தொடை:
போக முடியும் அண்ணே. மாட்டுவண்டியிலும் போக முடியும். எப்படிப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

கேத்திக்காரன்:
மிதித்துப் போகிறோம். நீங்கள்தான் பிக்கப்பில்.

புதுச்சங்கிலி:
ஹார்ட்டெயில் போதுமா என்று கேட்டிருந்தேன்...

மண்வாசம்:
இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் 130 மிமீ வைத்திருக்கிறேன். 13 கிலோ, இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்தும் டிராப்பர் உண்டு. ஏற்றத்தில் மூச்சு வாங்கினாலும் மிதிக்க முடிகிறது, இறக்கத்தில் பயமில்லை. புதியவருக்கும் இது சரிவரும்.

இரும்புத்தொடை:
இரண்டும்கெட்டான்.

கேத்திக்காரன்:
அதில் மட்டும் இரும்புத்தொடை சொல்வது சரி. ஆனால் மண்வாசம், கவலைப்படாதீர்கள். நிறைய ஃபோர்க்குகளில் உள்ளே இருக்கும் ஏர் ஷாஃப்ட்டை மட்டும் மாற்றினால் டிராவல் குறையும். உங்களுடையதும் அப்படியா என்று பாருங்கள். 120-க்கு இறக்கிவிடலாம்.

இரும்புத்தொடை:
அதே ஷாஃப்ட்டை மாற்றி 140-க்கு ஏற்றவும் செய்யலாம். மெக்கானிக் நம்பர் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

கேத்திக்காரன்:
அனுப்புங்கள். மாற்றி முடித்ததும் காற்று நிரப்ப ஷாக் பம்ப் வேண்டும். அது யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.