மஞ்சள் எடைச்சீட்டு: ஆக்சஸில் எதற்கு எந்த ஃபீல்டு வகை?

மண்டிக்கணக்கு, ஈரோடு:
வணக்கங்க. மஞ்சள் மண்டியில் கணக்கு பார்க்கிறேன். எடைச்சீட்டுகளை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஏற்றுகிறேன். ஒரே டேபிளில் விவசாயி பெயர், கைபேசி எண், ரகம் (விரலி மஞ்சளா கிழங்கு மஞ்சளா), அப்புறம் மூட்டை1 முதல் மூட்டை20 வரை எடை. 52.350 கிலோ என்று அடித்தால் 52 ஆகிவிடுகிறது. ஃபார்மட்டை ஃபிக்ஸ்டு ஆக்கி டெசிமல் பிளேசஸை 3 ஆக்கினால் 52.000 என்று காட்டுகிறது. கைபேசி எண்ணை ஏற்கவே மாட்டேன் என்கிறது. இரண்டுக்கும் நம்பர் வகைதான் கொடுத்தேன். 25 மூட்டை வந்தால் ஃபார்மில் எங்கே ஏற்றுவதுங்க?

பெருந்துறை:
டிசைன் வியூவில் ஃபீல்டு சைஸ் லாங் இன்டிஜர் என்று இருக்கும். அதை டபுள் ஆக்குங்க, புள்ளி நிற்கும்.

தறிவீடு, சென்னிமலை:
டபுளில் புள்ளி நிற்கும், ஆனால் 0.1 கூட அதில் துல்லியமாக அடங்காது. விவசாயிக்குப் பணம் எண்ணிக் கொடுக்கிற கணக்குக்கு அது வேண்டாம் தம்பி. எடைக்கும் விலைக்கும் கரன்சி வகை போடுங்க. புள்ளிக்குப் பின் 4 இலக்கம் அப்படியே நிற்கும். ரூபாய்க் குறி வராமலிருக்க ஃபார்மட்டை ஃபிக்ஸ்டு ஆக்கிவிடலாம். ஆனால் ஏற்கெனவே 52 என்று பதிவானது வகையை மாற்றினாலும் 52 தான். காகிதச் சீட்டைப் பார்த்து அவற்றைத் திரும்ப ஏற்றியே ஆக வேண்டும். யாரோ ஒருவருடைய 350 கிராம் அது.

கைபேசி எண்ணை யாரும் கூட்டிப் பெருக்கப் போவதில்லை, ஷார்ட் டெக்ஸ்ட் போதும். லாங் இன்டிஜர் 214 கோடியே சொச்சம் வரைதான் தாங்கும். நம் கைபேசி எண்களோ 600 கோடியில்தான் தொடங்குகின்றன.

மூட்டைக்குத் தனி டேபிள் வையுங்க. சீட்டு டேபிளில் சீட்டு ஐடி, தேதி, விவசாயி. மூட்டை டேபிளில் அது எந்தச் சீட்டு என்று காட்ட அதே சீட்டு ஐடி, பிறகு ரகம், எடை. ஒரே வண்டியில் விரலியும் கிழங்கும் சேர்ந்து வருமே, அதனால் ரகம் மூட்டையோடுதான் இருக்க வேண்டும். ஃபார்மில் மேலே சீட்டு, கீழே சப்ஃபார்மில், அதாவது ஃபார்முக்குள் இருக்கும் சிறு ஃபார்மில், மூட்டைக்கு ஒரு வரி. 25 என்ன, 80 வந்தாலும் வரி கூடும், அவ்வளவுதான். ரகத்துக்கு காம்போ பாக்ஸ் (பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் கட்டம்) வைத்து லிமிட் டு லிஸ்ட்டை யெஸ் ஆக்குங்க, பட்டியலில் இல்லாததை ஏற்காது. கையால் அடிக்க விட்டால் ஒருவர் விரலி என்பார், இன்னொருவர் விரளி என்பார், மொத்தம் இரண்டாகப் பிரிந்துவிடும்.

தொகைக்கு ஃபீல்டே வேண்டாம். எடையைக் குவிண்டால் விலையால் பெருக்கி 100-ஆல் வகுப்பதை, டேபிளிலிருந்து கணக்கிட்டுக் காட்டும் குவரி பார்த்துக்கொள்ளும்.

மண்டிக்கணக்கு, ஈரோடு:
ரொம்ப நன்றிங்க அக்கா. சீட்டு எண்ணுக்கு, தானாகவே எண் போடும் ஆட்டோநம்பர் விடலாமா?

தறிவீடு, சென்னிமலை:
அச்சடித்த சீட்டு எண்ணுக்கு வேண்டாம். பாதி அடித்துவிட்டு எஸ்கேப் அழுத்தினால் அந்த எண் போய்விடும், நடுவில் எண் விடுபட்டால் தணிக்கையில் கேட்பார்கள். சீட்டு ஐடி மட்டும் ஆட்டோநம்பராக உள்ளே இருக்கட்டும். சீட்டு எண்ணைத் தனி ஃபீல்டாக வைத்து, இண்டெக்ஸ்டு என்ற இடத்தில் நோ டூப்ளிகேட்ஸ் கொடுங்க. மூட்டை டேபிளில் வரும் சீட்டு ஐடிக்கு நம்பர், லாங் இன்டிஜர். அங்கே அதுதான் பொருந்தும்.