தினமும் வரைகிறேன், எட்டு மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்

கோட்டுநோட்டு (கோயம்புத்தூர்)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 29. பீளமேட்டில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். பள்ளியில் ‘நல்லா வரையுற பையன்’ என்று பெயர் வாங்கியவன். பத்தாம் வகுப்போடு அது நின்றுபோனது. போன தீபாவளிக்குப் பிறகு மறுபடி பென்சிலை எடுத்தேன். தினமும் இரவு 9.30 முதல் 11 மணி வரை. காய்ச்சலில் படுத்த நான்கு நாள் தவிர ஒருநாள்கூட விடவில்லை.

ஐந்து நோட்டு முடிந்துவிட்டது. எல்லாம் முகங்கள்தான். போனில் ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு கண்ணில் ஆரம்பிப்பேன், அப்புறம் மூக்கு, வாய், கடைசியில் தலைமுடி. முதல் நோட்டையும் ஐந்தாவது நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஷேடிங் நன்றாக மாறியிருக்கிறது. ஆனால் முகம் மாறவில்லை. யாரை வரைந்தாலும் அவர் மாதிரி வருவதில்லை. பொங்கலுக்கு அம்மாவை வரைந்து கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது பெரியம்மாவா?” என்று கேட்டார். அன்றைக்கு இரவும் உட்கார்ந்தேன், ஆனால் கை ஓடவில்லை.

பணம் கட்டி இரண்டு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். 100 நாள் சவால் ஒன்றில் சேர்ந்து 41வது நாளில் விட்டேன். பென்சில் செட்டையும் மாற்றிப் பார்த்தேன். ஒழுங்கு இல்லை என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. பிறகு ஏன் முன்னேற்றம் இல்லை? திறமை அவ்வளவுதான் என்று ஒப்புக்கொண்டு நிறுத்திவிடுவதா? மூன்று படம் இணைத்திருக்கிறேன். மனம் நோகும் என்று பார்க்காமல் சொல்லுங்கள்.

வில்லும் நாணும் (திருச்சி)

தம்பி, எனக்கு ஓவியம் தெரியாது. வயலின் வாசிப்பேன், 14 வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் வகுப்புப் பிள்ளைகள் ஞாபகம்தான் வந்தது.

வர்ணம் என்கிற கர்நாடக இசைப் பாடத்தைச் சாதகம் செய்துவிட்டு வா என்று அனுப்புவேன். வீட்டில் பல்லவியிலிருந்து ஆரம்பிப்பார்கள். பின்னால் வரும் முக்தாயி ஸ்வரம் என்ற பகுதியில் ஓரிடத்தில் விரல் தடுக்கும். உடனே நிறுத்திவிட்டு மறுபடி பல்லவியிலிருந்து. தடுக்கிற இடம் மொத்தமே அரை ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்றில் பாதி, இருக்கும். ஒரு மணி நேரம் சாதகம் செய்ததில் அந்த அரை ஆவர்த்தனத்துக்கு இரண்டு நிமிஷம்கூடப் போயிருக்காது. மற்றதெல்லாம் ஏற்கெனவே கைக்கு வந்த இடங்கள். கேட்கவும் நன்றாக இருக்கும், பக்கத்து வீட்டாரும் ‘குழந்தை நன்றா வாசிக்கிறது’ என்பார்கள். அதனால் அங்கேயே சுற்றி வருவார்கள். தடுக்கும் இடத்தை மட்டும் பிரித்தெடுத்து, சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு, முதல் காலத்தில், அதாவது மெதுவாக, இருபது தரம் வாசி என்றால் முகம் வாடிவிடும். காதுக்கு நன்றாக இருக்காதே.

உங்களுடைய ஒன்றரை மணி நேரத்தில் எதற்கு எவ்வளவு போகிறது என்று ஒருநாள் கடிகாரம் பார்த்துக் குறித்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

கோட்டுநோட்டு (கோயம்புத்தூர்)

அக்கா, நேற்று இரவே குறித்தேன். தலைமுடிக்கு 55 நிமிஷம். கண்ணுக்கு 20. முகத்தின் அளவு போடுவதற்கு மொத்தம் 6 நிமிஷம். எண்ணைப் பார்த்ததும் எனக்கே திக்கென்று இருந்தது.

பழைய பேனர்காரர் (மதுரை)

தம்பி, மூன்று படத்தையும் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். முடி அருமையாக வந்திருக்கிறது, மனதாரச் சொல்கிறேன். ஆனால் மூன்றிலும் கண் மேலே ஏறிக் கிடக்கிறது. உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை அளந்து பாருங்கள், கண் கிட்டத்தட்ட நட்டநடுவில் வரும். நாம் ஒருவரிடம் பேசும்போது கண்ணையும் வாயையும்தான் பார்க்கிறோம், நெற்றியையும் மண்டையையும் யாரும் பார்ப்பதில்லை. அதனால் வரையும்போது கை தானாக மண்டையைக் குறுக்கிவிடுகிறது. உங்கள் முதல் படத்திலும் இதே தப்பு, கடைசிப் படத்திலும் இதே தப்பு. எட்டு மாதத்தில் அது ஒருநாளும் உங்கள் கண்ணில் படவில்லை.

நான் 1986இல், 15 வயதில், மதுரையில் சினிமா பேனர் வரைகிற ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வருஷம் தூரிகையைத் தொட்டது மண்ணெண்ணெயில் கழுவுவதற்குத்தான். வஜ்ஜிரப் பசை காய்ச்சுவது, காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடிப்பது, வெள்ளை பூசிக் காயவைப்பது. அப்புறம் பின்னணி நிரப்பக் கொடுத்தார்கள். அப்புறம் சட்டை, சேலை மடிப்பு. முகத்தில் கைவைக்க எனக்கு ஆறு வருஷம் ஆனது.

ஆனால் இரண்டாம் வருஷத்திலேயே கட்டம் போடும் வேலை வந்துவிட்டது. கம்பெனியிலிருந்து வரும் ஸ்டில் போட்டோவின் மேல் பென்சிலால் அரை அங்குலக் கட்டம். துணியில் ஒரு அடிக் கட்டம். நூலில் நீலப்பொடி தடவி, இரண்டு பேர் இரண்டு முனையிலும் பிடித்துச் சுண்டிவிட்டால் கோடு விழும். அப்புறம் போட்டோவில் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ, அதைத் துணியில் அந்தக் கட்டத்தில் கரியால் போட வேண்டும்.

ஒருநாள் ஒரு கதாநாயகியின் முகத்தைப் போட்டு முடித்துவிட்டு, அழகாக வந்துவிட்டது என்ற நினைப்பில் நின்றுகொண்டிருந்தேன். ஆசான் வந்தார். திட்டவில்லை. ஸ்டிலை என் கையில் கொடுத்து, “மூக்கு நுனி எத்தனாவது கட்டத்துல இருக்கு?” என்றார். மேலிருந்து நாலு, இடமிருந்து அஞ்சு. “துணியில?” எண்ணினேன். மேலிருந்து நாலு, இடமிருந்து ஆறு. பழந்துணியை எடுத்து மூக்கை மட்டும் துடைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வருவதற்குள் நான் சரியாகப் போட்டிருந்தேன். மொத்தம் பத்து நிமிஷம்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். உங்களுக்கு எட்டு மாதம் தெரியாமல் போன மாதிரியான தப்பு எனக்குப் பத்து நிமிஷத்தில் தெரிந்தது. நான் உங்களைவிடக் கெட்டிக்காரன் என்பதால் இல்லை, துணியில் கட்டம் இருந்தது, பக்கத்தில் ஆசான் இருந்தார். ராத்திரி தனியாக உட்கார்ந்து வரைகிறவருக்கு இரண்டும் கிடையாது. கைப்பழக்கம் என்கிறோம், ஆனால் கைக்குச் சரி எது, தப்பு எது என்று தெரியாது. எதைக் கொடுத்தாலும் பழகிக்கொள்ளும். கண் மேலே ஏறின முகத்தை நீங்கள் இருநூறு தடவைக்கு மேல் பழக்கியிருக்கிறீர்கள். அது இப்போது நன்றாகவே வருகிறது.

வீதிக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்க்கச் சொல்வதும் ஆசானின் வழக்கம். இருபதடி முகத்தைக் கைதூரத்தில் நின்று வரைந்தால் கண் மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது. நோட்டில் குனிந்து ஒவ்வொரு முடியாக இழுக்கும்போதும் அதேதான் நடக்கிறது.

கட்டம் போடுவது திருட்டு வேலை என்று சிலர் சொல்வார்கள். டச்சு ஓவியர் வான்கோ பற்றிப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். 1880இல், 27 வயதில்தான் ஓவியராவது என்று முடிவு செய்கிறார். அப்போது முதலில் செய்தது பார்க் என்பவர் தயாரித்த பயிற்சித் தாள்களை உட்கார்ந்து நகலெடுத்ததுதான். இரண்டு வருஷம் கழித்து ஒரு மரச்சட்டம் செய்து, அதில் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி, அதன் வழியாகப் பார்த்து வரைந்திருக்கிறார். தன் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் அந்தச் சட்டத்தைப் படமாகவே போட்டுக் காட்டியிருக்கிறார். எங்கள் கொட்டகையில் கிடந்த நூலுக்கும் அதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். மூன்று வாரம் முகத்தை விட்டுவிடுங்கள். வீட்டில் இருக்கும் ஒரு எவர்சில்வர் டம்ளரை மேஜையில் வையுங்கள். அதே நாற்காலி, அதே இடம். வெறும் கோடு, ஷேடிங் கூடவே கூடாது. இருபது நிமிஷத்துக்கு ஒன்று.

முதல் நாள் என்ன நடக்கும் என்று இப்போதே சொல்கிறேன். டம்ளரின் வாயை அகலத் திறந்து போடுவீர்கள், ஏனென்றால் அது வட்டம் என்று உங்களுக்குத் தெரியும். அடியை நேர்கோடாகப் போடுவீர்கள், ஏனென்றால் மேஜை தட்டை என்று தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் அப்படி இருக்காது. கையை முழுக்க நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, வாயின் அகலத்தை அளவிடுங்கள். அதே பென்சிலில் வாயின் உயரம் எவ்வளவு என்று பாருங்கள். அடி வளைவு வாயைவிடக் கொஞ்சம் அதிகமாகவே உருண்டிருக்கும், அது கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால். வரைந்து முடித்த பிறகு சிவப்புப் பென்சிலால் தப்பான கோட்டின் மேலேயே சரியான கோட்டைப் போடுங்கள். அழிக்காதீர்கள். கீழே தேதியும், என்ன தப்பு என்று ஒரு வரியும் எழுதுங்கள். அந்த ஒரு வரிதான் உங்கள் ஆசான்.

ஒரு பக்கம் அச்சடித்த ஏ4 தாள் போதும். நல்ல நோட்டில் வரைந்தால் பக்கம் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் ஏற்கெனவே வருவதையே கை போடும். இன்ஸ்டாகிராமிலும் மூன்று வாரத்துக்கு எதையும் போடாதீர்கள். சிவப்புக் கோடு விழுந்த டம்ளருக்கு யாரும் லைக் போட மாட்டார்கள் என்று மனசுக்குத் தெரியும், உடனே முடி வரையப் போய்விடும்.

நடைபாதை நிழல் (சென்னை)

பேனர்காரர் அண்ணன் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் மூன்று வாரம் டம்ளர் மட்டும் என்றால் என்னைப் போன்றவர்கள் நாலாம் நாளே எழுந்து போய்விடுவோம். நான் அப்படி விட்டவள்தான். எனக்குத் திரும்பி வர வழி செய்தது சென்ட்ரல் ஸ்டேஷன். பெஞ்சில் உட்கார்ந்து, ரயிலுக்குக் காத்திருப்பவர்களை வரைவேன். மூட்டைமேல் சாய்ந்து தூங்குகிறவர் எப்போது எழுவார் என்று தெரியாது. அதனால் கண் இமையை வரைய நேரமே இருக்காது. முதுகு வளைவு, தலை சாய்வு, அப்புறம்தான் மற்றது. கட்டம் செய்கிற வேலையை அங்கே அவசரம் செய்தது.

ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வரைவதற்கு நான் எதிரி இல்லை. ஓவியர் ஆதிமூலம் 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி காந்தியை மட்டுமே நூறு கோட்டோவியங்கள் அளவுக்குப் போட்டார். ஆனால் அந்த மனிதரைத் தீராமல் பார்க்க வேண்டும் என்ற ஆசை அந்தக் கோடுகளில் தெரிகிறது. உங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் தம்பி. கோவையில் இருந்துகொண்டு பேரூர் கோயில் கனகசபை மண்டபத் தூண் சிற்பங்களைப் பார்க்காமல் இருக்கலாமா? ஞாயிறு காலையில் போய் ஒரே ஒரு சிற்பத்தின் நிற்கும் சாய்வை மட்டும் பிடியுங்கள். சிற்பம் எழுந்து போகாது.

பழைய பேனர்காரர் (மதுரை)

பேரூர் நல்ல யோசனை தங்கச்சி. ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளட்டும். மற்ற ஆறு நாளும் டம்ளர்.

கோட்டுநோட்டு (கோயம்புத்தூர்)

24 நாள் கழித்து எழுதுகிறேன். 58 டம்ளர் போட்டிருக்கிறேன். ஐயா சொன்ன இரண்டு தப்பும் முதல் நாளே அப்படியே வந்தது. பென்சிலில் அளந்தால் வாயின் உயரம் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான், நான் பாதிக்கு மேல் போட்டிருந்தேன். ஐந்தாம் நாள் தாளைத் தூக்கி எறியத் தோன்றியது. முன்பைவிட மோசமாக வரைகிறேனோ என்றிருந்தது. அப்புறம் கீழே எழுதிய வரிகளை வரிசையாகப் படித்தேன். முதல் நான்கு நாளும் ‘வாய் அகலத் திறந்திருக்கிறது’ என்றே இருந்தது. ஐந்தாம் நாள் ‘வலது விளிம்பு சரிகிறது’ என்று இருந்தது. அந்தத் தப்பு முதல் நாள் தாளிலும் இருக்கிறது, அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு எறியத் தோன்றவில்லை.

இரண்டு ஞாயிறு பேரூர் போனேன். ஊர்த்துவ தாண்டவத்தின் தூக்கிய காலைப் பிடிக்கவே முடியவில்லை. ஆனால் இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை.

நேற்று அம்மா திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பென்சிலை நீட்டி அளந்து, தலை, கொண்டை, கழுத்து, தோள் மட்டும் போட்டேன். கண், மூக்கு எதுவும் இல்லை. பத்து நிமிஷத்தில் அவர் எழுந்து போய்விட்டார். தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா கீரை ஆயுறாங்களா?” என்றாள். வேறு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். நான் அந்தத் தாளை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு சந்தேகம் ஐயா. காது புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் நடுவில் வரும் என்று வகுப்பில் சொன்னார்கள். அப்படித்தான் வைத்தேன், ஆனால் காது மட்டும் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன்.

பழைய பேனர்காரர் (மதுரை)

படம் பார்த்தேன் தம்பி. தோள் நன்றாக உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கணக்கு நிமிர்ந்து நேரே பார்க்கும் முகத்துக்கு. அம்மா குனிந்திருக்கிறார். குனிந்தால் முகம் கீழே இறங்கும், காது மேலே ஏறின மாதிரி தெரியும். நீங்கள் பார்த்ததை விட்டுவிட்டு வகுப்பில் கேட்டதைப் போட்டிருக்கிறீர்கள். அடுத்த தடவை அவர் குனிந்து வேலை செய்யும்போது, பென்சிலைப் படுக்கையாகப் பிடித்து, காதின் அடிநுனி முகத்தில் எந்த இடத்துக்கு நேராக வருகிறது என்று மட்டும் பாருங்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டு ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் கட்டம் போட்டுச் சரிபார்க்கலாம். சிவப்புப் பென்சிலால் திருத்திய பிறகு இங்கே போடுங்கள்.